பத்து வயது மகள், அம்மா இல்லை. யார் எடுத்துச் சொல்வது?

செம்பனைலோரி | திங்கள், இரவு 11.20

எங்கே கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம். முன்பு தோட்டத்து லயத்து வீடு, இப்போது தாமான் குடியிருப்பு. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது, மார்பகப் புற்றுநோய். ஒரே மகள், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு, பத்து வயது.

போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும்போது "அப்பா, நெஞ்சில ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்கு, பினாஃபோர் பட்டா வலிக்குது" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் அம்மாவும் முதலில் இதே வார்த்தையைத்தான் சொன்னாள், அதே அடுப்படியில் நின்றுகொண்டு. என் அம்மாவிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "வயசு வருதுடா, ஆம்பளைக்கு அதுல என்ன வேலை, போய் உன் லோரியைப் பாரு." சிரிக்கிற விஷயமா இது என்று கோபம்தான் வந்தது. நாலு ராத்திரியாகத் தூக்கமில்லை.

அந்த நோயாக இருக்குமா? இல்லை, அம்மா சொல்கிறபடி வயதுக்கு வருகிற அறிகுறிதான் என்றால் பிள்ளைக்கு யார் எடுத்துச் சொல்வது? அம்மா சொல்ல மாட்டார், அவருக்கே யாரும் சொன்னதில்லையாம். நான் சொன்னால் தப்பா? சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகளிடம் கேட்கிற சங்கதியும் இல்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், காலை 6.05

தம்பி, முதலில் ஒரு வாய் காப்பி குடியுங்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் சொல்கிறேன், உங்கள் அம்மா சொன்னதுதான் பெரும்பாலும் சரி. சிரித்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அது மார்பக மொட்டு. காம்புக்கு நேர் கீழே பட்டாணி அளவில் கெட்டியாக, தொட்டால் வலிக்கிற மாதிரி இருக்கும். பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அந்த இடைவெளியில்தான் எல்லா அப்பா அம்மாவும் பயந்து ஓடி வருவார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பருவம் தொடங்குவதன் முதல் அடையாளமே பெரும்பாலும் இதுதான், 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு மார்பகப் புற்றுநோய் என்பது அரிதிலும் அரிது. இருந்தாலும் ஒரு தடவை கிளினிக்கில் காட்டுங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான், அம்மாவுக்கு நோய் இருந்ததையும் சொல்லுங்கள். அந்தத் தகவல் இப்போதைக்கு இல்லை, அவள் பெரியவளான பிறகு அவளைப் பார்க்கிற டாக்டருக்குத் தேவைப்படும். அதுவரை அதை அமுக்கிப் பார்ப்பது, எண்ணெய் தேய்த்து உருவுவது எதுவும் வேண்டாம். உள்ளே பருத்திச் சிம்மீஸ் போட்டால் பினாஃபோர் உரசாது.

தோட்டத்து ஆள் என்பதால் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன், பிள்ளைக்கும் இப்படியே சொல்லலாம். மூளைக்குள் ஹைபோதலமஸ் என்று ஒரு துரை இருக்கிறார். இத்தனை வருடம் பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் விழித்துக்கொண்டு ஆபீஸ் கிளார்க்கான கிராணிக்குச் சேதி அனுப்புகிறார், அதுவும் ஆரம்பத்தில் ராத்திரி நேரமாகப் பார்த்துத்தான். கிராணி என்பது பிட்யூட்டரி சுரப்பி. அவர் இரண்டு சீட்டு எழுதி ரத்தத்தில் விடுகிறார். பெண் பிள்ளைக்கு அது சூலகத்துக்குப் போகும், அங்கே ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஆண் பிள்ளைக்கு விதைப்பைக்குப் போகும், அங்கே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்தாயிற்று, இனி ஒவ்வொரு ஆளாக வேலைக்கு இறங்குவார்கள். மொட்டு, அப்புறம் அக்குளிலும் கீழேயும் முடி, ஒரேயடியாக உயரம், முகப்பரு. மொட்டு வந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் முதல் மாதவிடாய் வரும். ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை.

சொல்லலாமா என்று கேட்டீர்களே. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டி இருக்கிறது என்று அவள் யாரிடம் வந்து சொன்னாள்?

கித்தாக்காட்டுப் பேத்தி | செவ்வாய், மதியம் 1.40

அண்ணே, நான் வயதுக்கு வந்த கதையைச் சொன்னால் நீங்கள் இன்றைக்கே பேசிவிடுவீர்கள்.

எண்பதுகளின் கடைசி. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் ரப்பர் பால்மரம் சீவப் போய்விட்டார்கள். பள்ளி விடுமுறை, நானும் கூடப் போய்க் கோப்பையில் பால் சேகரித்துக்கொண்டிருந்தேன். பாவாடையில் ரத்தம். அட்டை கடித்துவிட்டது என்று நினைத்தேன். கித்தாக்காட்டில் அட்டை சாதாரணம், ஆகவே காலெல்லாம் தேடினேன், எந்த அட்டையும் இல்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. உள்ளே ஏதோ அறுந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் செத்துவிடுவேன் என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, என் பென்சில் பெட்டியைத் தம்பிக்குக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை, பென்சில் பெட்டிதான் என் சொத்து.

அம்மா பார்த்தார். ஓங்கி ஓர் அழுகை, அப்புறம் ஒரு சிரிப்பு. அதோடு என்னிடம் பேச்சு முடிந்தது. பின்னாடி தென்னங்கீற்றில் குச்சில் கட்டினார்கள், தனித் தட்டு, தனி டம்ளர், உளுந்தங்களி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். 16 நாள். பதினாறாம் நாள் மாமா சீர் கொண்டுவர, ஒலிபெருக்கி கட்டி, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதல் ஆயாக் கொட்டகை ஆயா வரை வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்கள். என் உடம்பில் என்ன நடந்தது என்று லயத்துக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி வந்தபோது "அதான் சடங்கு செஞ்சாச்சே, ஏன் திரும்ப வருது" என்று அம்மாவிடம் கேட்டேன் என்றால் பாருங்கள்.

களியைக் குறை சொல்ல மாட்டேன். உளுந்தும் எண்ணெயும் கருப்பட்டியும் நல்ல சாப்பாடு. பச்சை முட்டைதான் வேண்டாம், கிருமி இருக்கலாம், வேகவைத்துக் கொடுத்தால் அதே சத்து.

கங்காணி பேரன் | செவ்வாய், மாலை 5.15

எல்லாரும் சேர்ந்து நம் சடங்கைக் கிண்டல் பண்ணியாயிற்று. சந்தோஷம். நாலு தலைமுறையாகக் கப்பல் ஏறி வந்த இடத்தில் நம்மிடம் மிஞ்சியது இப்படி நாலு சடங்குதான். தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? உன் பின்னால் உறவு இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சபையில் காட்டுவது அது.

இன்னொன்று, பத்து வயதுக் குழந்தைக்கு இதையெல்லாம் விளக்கினால் கெட்டுத்தான் போகும். அந்தந்த வயதில் தானாகத் தெரியும். எங்களுக்கெல்லாம் யார் பாடம் எடுத்தார்கள்?

கித்தாக்காட்டுப் பேத்தி | செவ்வாய், மாலை 5.32

ஐயா, தானாகத் தெரிந்த லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அட்டை தேடினேன்.

ஐந்தாம் ஆண்டு டீச்சர் | செவ்வாய், இரவு 8.50

கங்காணி பேரன் ஐயா, உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். சடங்கு செய்யட்டும், சொந்தம் கூடட்டும். ஆனால் "தானாகத் தெரியும்" என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கைப்பேசியில் தெரிந்துகொள்கிறார்கள், அதுவும் எந்த மாதிரி வீடியோவில் என்று சொல்ல எனக்கே கூச்சம்.

ஐந்தாம் ஆண்டிலேயே ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. ஒரு பிள்ளை ஓய்வு நேரம் முழுக்கக் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை, டிஷ்யூவைச் சுருட்டி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. வீட்டுக்குச் சொன்னால் அடிப்பார்கள் என்று பயம். எதற்கு அடிப்பார்கள்? "தெரியல டீச்சர், ஏதோ தப்பு பண்ணிட்டேன்." அன்றிலிருந்து என் அலமாரியில் ஒரு பாக்கெட் பேடும் ஒரு கறுப்புப் பாவாடையும் எப்போதும் இருக்கும்.

பாடத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சுகாதாரக் கல்வியில் இனப்பெருக்கச் சுகாதாரமும் சமூக நலமும் சேர்ந்த பகுதி ஒன்று உண்டு, மலாயில் சுருக்கமாகப் பீயர்ஸ் என்போம். ஆனால் அந்தப் பக்கம் வரும்போது "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. நானும் முதல் வருடம் தாண்டினேன், ஒத்துக்கொள்கிறேன். வாயில் வார்த்தையே வரவில்லை.

வார்த்தைதான் பெரிய சிக்கல். மாதவிடாய் என்றால் பிள்ளைகளுக்கு ஏதோ இலக்கணப் பாடம் மாதிரி இருக்கிறது. வீட்டில் "தூரம்", "தலைக்கு ஊத்திக்கிட்டா", "அந்த மூணு நாள்". இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனால் ஹாயிட் என்று மலாய் டீச்சர் சொல்லுவார், கூட்டாளிகள் பீரியட் என்பார்கள். மூன்று மொழியில் பெயர் இருந்தும் சொந்த மொழியில் ஒரு வரி பேசத் தெரியாமல் போகிறார்கள். உடம்பின் உறுப்புகளும் அப்படித்தான், எல்லாமே "அந்த இடம்". ஒருவன் தப்பாகத் தொட்டால் எங்கே தொட்டான் என்று சொல்லவாவது பெயர் வேண்டாமா? அண்ணே, உங்களுக்கு வசதியான வார்த்தை எதுவோ அதில் பேசுங்கள். பீரியட் என்றே சொல்லுங்கள், தமிழ் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் யோனி, கருப்பை, விதைப்பை என்ற பெயர்களை ஒரு தடவையாவது சிரிக்காமல் சொல்லிக் காட்டுங்கள்.

மளிகைக்கடை | செவ்வாய், இரவு 9.30

டீச்சர் சொல்வது உண்மை. என் கடைக்கு வருகிறவர்கள் அரிசி, மிலோ, சர்டின் எல்லாம் சத்தமாகக் கேட்பார்கள், இதற்கு மட்டும் விரலைக் காட்டுவார்கள். நானும் வழக்கப்படி தமிழ் நாளிதழில் சுற்றிக் கொடுப்பேன். ஒரு நாள் என் மகள் கேட்டாள், "அப்பா, பீர் டின்னை அப்படியே கொடுக்கிறீங்க, இதை மட்டும் ஏன் மறைக்கிறீங்க?" பதில் இல்லை. இப்போது யாராவது கேட்டால்தான் சுற்றுவேன்.

ஈப்போ பையன் | செவ்வாய், இரவு 11.58

இந்த இழையில் பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் எங்களுக்கு என்ன நடக்கும் என்று யாராவது சொன்னார்களா? பெண் பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீராவது ஊற்றுகிறீர்கள். எங்களுக்குக் குரல் உடைந்தால் "தவளை" என்று பெயர் வைப்பார்கள், அதோடு சரி.

13 வயதில் ஒரு நாள் எழுந்தபோது கால்சட்டை ஈரம். படுக்கையில் ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று நினைத்து மெத்தை விரிப்பை நானே தோய்த்துப் போட்டேன். தூக்கத்தில் விந்து வருவது இயல்பு என்று அறிவியல் டீச்சர் சொல்லவில்லை. சொன்னது யார் தெரியுமா? பழைய பத்திரிகையின் கடைசிப் பக்கத்து வைத்தியர் விளம்பரம். நரம்புத் தளர்ச்சி, ஒரு துளி போனால் நாற்பது துளி ரத்தம் போச்சு, வாழ்க்கை போச்சு. இரண்டு வருடம் அந்தப் பயத்திலேயே ஓடினேன், பந்து விளையாடக்கூடப் போகவில்லை. அப்புறம்தான் ஒரு டாக்டர் சிரிக்காமல் உட்காரவைத்துச் சொன்னார்: உடம்பு அதைத் தினமும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வெளியே போனால் ஒரு சத்தும் குறையாது, சுயஇன்பத்தாலும் நரம்பு தளராது. சில பையன்களுக்கு அந்த வயதில் மார்பும் கொஞ்சம் வீங்கும், எனக்கும் வீங்கியது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வருடம் நீச்சல் குளத்துப் பக்கமே நான் போகவில்லை.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். என் தம்பி கதையைக் கடக்க முடியாது.

அவனுக்கு அப்போது 14, பள்ளி விடுதியில் இருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக்க விதையில் திடீரென்று உயிர் போகிற வலி, வாந்தி. பொறுப்பாளரிடம் என்ன சொன்னான்? "வயித்து வலி." வேறென்ன சொல்லுவான், எங்கள் வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாதே. அவரும் வயிற்றில் காற்றெண்ணெய் தேய்த்துப் படுக்கவைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் வலி தாங்காமல் அம்மாவுக்குப் போன் பண்ணி அழுதான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். சுமார் 6 மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்று இருந்தாலே போதும், அவனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. ஆனால் வெட்கத்துக்காக ஓர் உறுப்பைக் கொடுத்தோம் எங்கள் வீட்டில்.

பையன்கள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து இதை மட்டுமாவது சொல்லுங்கள்: விதையில் திடீர் வலி என்றால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. அந்த நிமிடமே எழுப்பு, பெயர் சொல்லிச் சொல்.

கங்காணி பேரன் | புதன், காலை 7.10

படித்தேன் தம்பி. என் பேரனுக்கு 12.

மூணு பொண்ணு அம்மா | புதன், காலை 10.25

மிஸ்ஸி அக்கா, நடுவில் என் கேள்வியும். மூத்தவளுக்கு 15, படிவம் மூன்று. மாதா மாதம் முதல் இரண்டு நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை, சுருண்டு படுத்துவிடுகிறாள். மாமியார் "எல்லாம் கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்கிறார். ஒன்பது நாள்வரை போகிறது. முகம் வெளுத்துக் கிடக்கிறாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடுவுள்ளவளுக்கு 13, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது, கழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி கறுத்திருக்கிறது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புதன், மதியம் 12.15

நாரைக் கீழே வை கண்ணு, முதலில். அது அழுக்கு இல்லை.

மூத்தவளைப் பற்றி. வலி என்பது கற்பனை இல்லை. கருப்பையின் உள்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரந்து கருப்பையைப் பிழிகிறது, அதுதான் வலி. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த போன்ஸ்தான் என்ற வலி மாத்திரை அந்தச் சுரப்பையே குறைக்கிற மருந்து. அதனால்தான் வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடுவதைவிட ஆரம்பத்திலேயே, சாப்பிட்ட வயிற்றில் போட்டால் கேட்கும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், ஒவ்வாமை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வெந்நீர்ப் பையும் நல்லது. ஆனால் மாத்திரை போட்டும் பள்ளிக்குப் போக முடியாத வலி என்றால் காட்டித்தான் ஆக வேண்டும், கருப்பை உட்சுவர்த் திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி காரணங்களும் இருக்கும். அதைக் கல்யாணம் குணப்படுத்தாது.

அதைவிட எனக்கு உறுத்துவது ஒன்பது நாளும் மூச்சு வாங்குவதும். சாதாரணமாக 2 முதல் 7 நாள், மொத்த ரத்தமே சராசரியாக 30, 40 மில்லிலிட்டர்தான். ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ அது அதிகம். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய் ரத்த அளவு பாருங்கள், சோகை இருக்கும் போலத் தெரிகிறது. சில பிள்ளைகளுக்கு ரத்தம் உறைவதிலேயே குறை இருக்கும், முதல் மாதவிடாயில்தான் அது வெளியே தெரியும். வீட்டில் முருங்கைக்கீரை, நெத்திலி, ஈரல், பருப்பு கொடுங்கள், கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ. சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடிப்பதை நிறுத்துங்கள். நம் ஆட்களுக்குத் தே தாரிக் இல்லாமல் சாப்பாடு இறங்காது, எனக்கும்தான், ஆனால் தேயிலை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

நடுவுள்ளவள். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி முன்னே பின்னே வருவது சகஜம், அந்த வயதில் 21 முதல் 45 நாள்வரை இடைவெளி இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் வரவில்லை என்றால் காட்ட வேண்டும். கழுத்துக் கறுப்பு பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். இரண்டும் சேர்ந்தால் டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று யோசிப்பார்கள், ஆனால் இந்தச் சின்ன வயதில் அவசரப்பட்டு அந்த முத்திரை குத்த மாட்டார்கள். வீட்டில் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, யாருக்காவது இருக்கிறதா? நம்மவர்களில் இல்லாத வீடு குறைவு. அதையும் சொல்லுங்கள்.

பொதுவாக எல்லாருக்கும்: 8 வயதுக்கு முன்பே மொட்டு வந்தாலும், 13 ஆகியும் ஒன்றுமே தொடங்காவிட்டாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும் காட்டுங்கள். பையன் என்றால் 9க்கு முன், 14க்குப் பின். வெள்ளைபடுவதைப் பார்த்து எலும்பு உருகுகிறது என்று பயமுறுத்தாதீர்கள், எலும்பு உருகி அந்த வழியாக வராது. முதல் மாதவிடாய்க்குச் சில மாதம் முன்பிருந்தே நிறமில்லாமல் அல்லது வெள்ளையாகப் படுவது இயல்பு. நாற்றம், அரிப்பு, பச்சை மஞ்சள் நிறம் இருந்தால்தான் மருந்து.

மூணு பொண்ணு அம்மா | புதன், மதியம் 12.40

வெள்ளிக்கிழமை லீவு போடுகிறேன் அக்கா. கடைக்குட்டி படிவம் ஒன்று போகும்போது எச்.பி.வி. ஊசிக்குக் கையெழுத்துக் கேட்பார்களாமே. போட்டால் பிள்ளை பிறக்காது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், மூத்தவளுக்கு நான் போடவில்லை.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புதன், மதியம் 1.05

தாராளமாகப் போடுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காடு எச்.பி.வி. என்கிற கிருமியின் 16, 18 என்ற இரண்டு வகையால் வருவது. நம் நாட்டில் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு 2010இலேயே இலவசமாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள், 13 வயதில். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று சண்டைக்கு வருகிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன், அவ்வளவுதான், பிள்ளையின் ஒழுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலடும் ஆகாது. மூத்தவளுக்கும் இன்னும் போடலாம், வெள்ளிக்கிழமை போகும்போதே கேளுங்கள். அந்தக் கையெழுத்துப் படிவம் மலாயில் இருப்பதால் படிக்காமலே பையில் கிடந்து காலம் தாண்டிப்போகிறது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஐந்தாம் ஆண்டு டீச்சர் | புதன், இரவு 9.15

நான் ஒன்று சேர்க்கிறேன், இது இனிப்பான விஷயம் இல்லை. மாதவிடாய் வந்த பிறகுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். முதல் மாதவிடாய்க்கு முன்பே ஒரு முட்டை வெளியாகலாம், ஆக வயதுக்கு வருவதற்கு முன்பே கர்ப்பமாக வாய்ப்பு உண்டு. பிள்ளைகளைச் சீண்டுகிறவன் பெரும்பாலும் தெரிந்தவனாகத்தான் இருக்கிறான். 2017இல் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்திருக்கிறது, 18 வயதுக்குக் கீழே எல்லாருமே அதில் சிறுவர்தான். தாலியான் காசே 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணை என் வகுப்புச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன்.

பள்ளியும் யோக்கியம் இல்லை. 2021இல் மாதவிடாய் வந்ததா என்று மாணவிகளைச் சோதித்துப் பார்த்த கதைகள் நாடு முழுக்க வெளியே வந்தபோது என் சக ஆசிரியைகள் சிலர் "இதில் என்ன இருக்கிறது" என்றார்கள். டீச்சராக இருந்தாலும் காட்டச் சொன்னால் காட்டாதே என்று மகளிடம் சொல்லிவையுங்கள் அண்ணே.

கங்காணி பேரன் | வியாழன், காலை 6.45

நேற்று ராத்திரி பேரனைக் கூப்பிட்டு அந்த விதைப்பை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வெற்றிலையை இரண்டு தடவை மடித்துப் பிரித்து மடித்துத்தான் சொன்னேன். அவன் "தெரியும் தாத்தா" என்றான். என்ன தெரியும் என்று கேட்டால் எல்லாம் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறான். சரி.

ஆனால் சடங்கு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். செம்பனைலோரி தம்பி, உன் மனைவிக்கு அண்ணன் தம்பி இருந்தால் அவர்களை விட்டுவிடாதே.

கித்தாக்காட்டுப் பேத்தி | வியாழன், காலை 9.00

செய்யட்டும் ஐயா. பள்ளி விடுமுறையில் வைக்கட்டும், பிள்ளையைக் கேட்டு வைக்கட்டும். என் அக்கா மகளுக்கு முகம் போட்ட பேனரை மண்டபத்து வாசலில் கட்டி, முகநூலிலும் போட்டு, அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கே போகவில்லை. வகுப்புப் பையன்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம்.

செம்பனைலோரி | ஞாயிறு, இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போனோம். பெண் டாக்டர், என்னை வெளியே உட்காரச் சொல்லாமல் மகளிடம் "அப்பா இருக்கட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றாள். மிஸ்ஸி அக்கா சொன்ன அதே பதில்தான், மொட்டு. என் மனைவி விஷயத்தையும் கார்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்து லோரிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

பேசியதும் லோரியில்தான். நேருக்கு நேர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள், இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போகலாம். துரை, கிராணி கதையைச் சொன்னேன். "துரை ஏன் ராத்திரியில மட்டும் முழிக்கிறாரு" என்றாள், எனக்குப் பதில் தெரியவில்லை, மிஸ்ஸியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ரத்தம் வரும், காயம் இல்லை, நீ செத்துப்போக மாட்டாய் என்று சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அம்மாவுக்கும் வந்துச்சா?" என்றாள். வந்தது என்றேன். "அப்ப கட்டி வேற, இது வேற, ஆமாவா?" அவளும் இத்தனை நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன், பேசிவிட்டேன் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ராத்திரி பேத்திக்குத் தலை வாரும்போது அவர் குரல் கேட்டது, தான் குச்சிலில் இருந்த கதையை, பக்கத்து லயத்துப் பாட்டி திருட்டுத்தனமாக முறுக்கு கொடுத்ததை. நாற்பது வருடத்தில் நானே கேட்டதில்லை. சடங்குக்கு மாமன்கள் வருவார்கள், பேசியாயிற்று கங்காணி பேரன் ஐயா. பேனர் வேண்டாம், ஐஸ்கிரீம் கேக் வேண்டுமாம்.

இன்றைக்குக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி அலமாரியில் வைக்கலாம் என்று போனேன். அடேயப்பா, ஒரு சுவர் முழுக்க. சிறகு வைத்தது, வைக்காதது, 24 சென்டிமீட்டர், 35 சென்டிமீட்டர். லோரி டயர் வாங்குவது சுலபம். கையில் வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மளிகைக்கடை | ஞாயிறு, இரவு 10.25

எதை எடுத்தீர்கள்? சின்னப் பிள்ளைக்குப் பகலுக்கு 24 போதும், சிறகு வைத்ததாகப் பார்த்து. ராத்திரிக்கு நீளமானது ஒன்று. வந்த பிறகு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றச் சொல்லுங்கள், கழிப்பறைக் குழிக்குள் போட வேண்டாம், தாளில் சுற்றிக் குப்பையில் போடட்டும்.

செம்பனைலோரி | ஞாயிறு, இரவு 10.31

35 அண்ணே.

மளிகைக்கடை | ஞாயிறு, இரவு 10.33

நாளைக்குக் கடைக்கு வாருங்கள், இந்தப் பக்கம்தானே. மாற்றித் தருகிறேன். சுற்றித் தர மாட்டேன்.